ஜூக்பாக்ஸுக்கு எதுவும் தெரியாது

நியூஜெர்சியில், நியூவார்க்கை ஒட்டிய புளூம்ஃபீல்டில் ஹோல்ஸ்டன்ஸ் என்றொரு ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. 'தி சோப்ரானோஸ்' தொடரின் கடைசிக் காட்சியை அங்கேதான் எடுத்தார்கள். 2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பான அந்தக் காட்சியில் ரத்தமில்லை, துப்பாக்கியில்லை. மாஃபியா தலைவன் டோனி, மேசையிலிருக்கும் ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கிறான். சான்பிரான்சிஸ்கோவில் உருவான ஜர்னி குழுவின் 1981ஆம் ஆண்டுப் பாடல், 'டோன்ட் ஸ்டாப் பிலீவிங்'. நம்பிக்கை பொங்கும் பாட்டு. மனைவி வருகிறாள், மகன் வருகிறான், வெங்காய வளையங்கள் வருகின்றன. கதவு திறக்கும்போதெல்லாம் மணி ஒலிக்க, டோனி நிமிர்ந்து பார்க்கிறான். அறிமுகமில்லாத ஒருவன் கழிப்பறைப் பக்கம் போகிறான். நமக்கு வயிறு கலங்குகிறது. பாட்டின் நடுவிலேயே ஒலி அறுந்து, திரை கறுத்துவிடுகிறது.

கலங்க வைத்தது அந்த உற்சாகப் பாட்டுதான். வயலின்கள் கீச்சிடும் வழக்கமான திகில் இசை, உண்மையில் நமக்குத் துணை. ஆபத்து வருகிறது, தயாராக இரு என்று நம் பக்கம் நின்று சொல்கிறது. ஜூக்பாக்ஸ் எதையும் சொல்வதில்லை. யார் செத்தாலும் அது பாடிக்கொண்டேயிருக்கும். காட்சியின் துயரைச் சட்டை செய்யாத இத்தகைய இசையைப் பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் ஷியோன் தனி வகையாகவே பிரித்துக் காட்டினார்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா இதை வாழ்க்கையிலிருந்தே கற்றார். தந்தை இறந்த சோகத்தோடு தெருவில் நடந்தவர் காதில், ஒலிபெருக்கியிலிருந்து துள்ளலான 'குக்கூ வால்ட்ஸ்' விழுந்தது. துக்கம் தாங்கமுடியாமல் பெருகியது. 1948இல் 'ட்ரங்கன் ஏஞ்சல்' படத்தில், காசநோயும் அவமானமுமாகச் சந்தையில் நடக்கும் ரௌடியின் மீது அதே இசையைப் படரவிட்டார்.

உடலுக்குள் என்ன நடக்கிறது? தாளம் கேட்டதும், நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், மூளையில் அசைவுக்கான பகுதிகள் வேலைசெய்யத் தொடங்குகின்றன. கால் தாளம் போடப் பார்க்கிறது; கண்ணோ ஓடு என்கிறது. அடுத்து என்ன வரும் என்று மூளை ஓயாமல் கணித்துக்கொண்டிருக்கும். இனிய இசை இனிய முடிவை எதிர்பார்க்க வைக்கிறது. உளவியலாளர் மேரிலின் போல்ட்ஸும் சகாக்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. காட்சியோடு சேர்ந்தே ஒலிக்கும்போது, அதன் உணர்வுக்குப் பொருந்திய இசைதான் நினைவுக்கு உதவியது. ஆனால் முடிவுக்குச் சற்று முன்பே ஒலிக்கும்போது, அந்த முடிவுக்கு முரணான இசையே காட்சியை ஆழமாகப் பதித்தது. எதிர்பார்ப்பு உடையும் இடத்தை மூளை மறப்பதில்லை.

சோப்ரானோஸுக்கென்று பின்னணி இசையமைப்பாளரே கிடையாது. ஏற்கெனவே உலகில் சுற்றிக்கொண்டிருந்த பாடல்களையே தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் கையாண்டார். 2001இல் மூன்றாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில், டோனி குடும்பத்தின் ஒவ்வோர் அசைவையும் எஃப்.பி.ஐ. வேவு பார்க்கிறது. பின்னணியில் துப்பறியும் தொடரொன்றின் இசையோடு பின்னி ஒலிப்பது, 'தி போலீஸ்' இசைக்குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்'. பலர் காதல் பாட்டாகக் கொண்டாடும் அதற்குள் ஒரு கண்காணிப்பாளனின் குரல் முதலிலிருந்தே இருந்தது. சேஸ் அதைக் கேட்க வைத்தார், அவ்வளவே. இந்த உத்தியில் எனக்கு மிகப் பிடித்தது இப்படிப்பட்ட இடங்கள்தான்.

சரி, திகிலோடு ஒட்டிய பாட்டு கெட்டுப்போகிறதா? 2010இல் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி கோப்பையை வென்ற பருவத்தில், ரசிகர்கள் தங்கள் கீதமாகப் பாடியது அதே ஜர்னி பாடலைத்தான். பாடகர் ஸ்டீவ் பெரியும் அவர்களோடு சேர்ந்து பாடினார்.