பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசையா? இஞ்சினுக்கு முன் 'கெரானை'ப் பாருங்கள்

முதல் வேலை, முதல் சம்பளம், அடுத்தது கார். தோட்டத்திலும் சரி, பட்டணத்துத் தாமானிலும் சரி, நம் இளையோர் பலருக்கு இந்த வரிசை மாறுவதில்லை. அதிலும் சாதாரண கார் போதாது. கொஞ்சம் சீறிப் பாய வேண்டும், வளைவில் சாலையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். புதிய கார் எட்டாத விலையில் இருப்பதால் பார்வை பழைய கார் சந்தைக்குப் போகிறது. கையில் 15,000 முதல் 25,000 ரிங்கிட் வரை வைத்திருப்பவருக்கு அங்கே நல்ல கார்களும் கிடைக்கும்; நன்றாக விரித்து வைத்த வலைகளும் காத்திருக்கும்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயில்தான் வந்து நிற்கும். 1990களின் இறுதியில் வந்த இந்தக் காரில் 1.8 லிட்டர் மிட்சுபிஷி இஞ்சின் இருந்தது. ஏறக்குறைய 140 குதிரைத்திறன் கொண்டது. 1996இல் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கிய புரோட்டோன், இதன் ஓட்டத்தைச் செம்மைப்படுத்தும் வேலையை லோட்டஸ் பொறியியலாளர்களிடம் கொடுத்தது. அந்தக் காலத்தில் இந்த விலைக்கு இப்படியொரு கார் வேறு இல்லை. ஆனால், உண்மையான ஜிடிஐ இப்போது சேகரிப்பாளர்களின் பொருள். நல்ல நிலையில் இருப்பவை மேலே சொன்ன தொகைக்குள் வருவது அரிது. மலிவாக ஒன்று கிடைத்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

காரணம், சாதாரண 1.3, 1.5, 1.6 சத்ரியாவுக்கு ஜிடிஐயின் பம்பரும் இருக்கையும் மாட்டுவது பெரிய வேலையே அல்ல. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கப்படும் 'ஹாஃப் கட்' இஞ்சினைப் பொருத்திக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. இங்கேதான் 'கெரான்' எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் கைகொடுக்கிறது. அசல் ஜிடிஐயின் இஞ்சின் கொள்ளளவு 1,834 சிசி. சான்றிதழில் 1,300 சொச்சம் என்று இருந்து, பானெட்டுக்குள் வேறு இஞ்சின் உட்கார்ந்திருந்தால், அது சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் பதியப்படாத மாற்றம். பெயர் மாற்றத்திற்கான பி5 சோதனையில் சேஸி எண்ணும் இஞ்சின் எண்ணும் ஒப்பிடப்படும். அங்கே அந்தக் கார் தேறாது. மாற்றத்தை முறையாகப் பதிந்திருந்தால் கொள்ளளவு பொருந்திவிடும் என்பதால், மாடல் பெயரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்து வருவது 2006இல் அறிமுகமான சத்ரியா நியோ. இதன் 1.6 கேம்ப்ரோ இஞ்சின் 110 குதிரைத்திறன் தரும். பின்னர் வந்த சிபிஎஸ் வகை 125. எண்களைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால், வளைவுகளில் இந்தக் கார் நடந்துகொள்ளும் விதம் விலைக்கு மீறியது. புரோட்டோன் என்றாலே சன்னல் இறங்கினால் ஏறாது என்ற பழைய கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். சன்னல் மோட்டார் மலிவான பொருள். கவலைப்பட வேண்டியது டைமிங் பெல்ட் பற்றித்தான். அது ஓடும்போது அறுந்தால் இஞ்சினின் வால்வுகள் வளைந்துவிடும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று கணக்கிட்டு அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுவதே சரி.

நியோவுக்கு இன்னொரு குறை உண்டு. இரண்டே கதவுகள். தோட்டத்து வீடுகளில் பிள்ளை வாங்கும் கார் அவனுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. அம்மாவை மருத்துவமனைக்கும் பாட்டியைக் கோயிலுக்கும் கொண்டு போவது அந்தக் கார்தான். முன் இருக்கையை மடக்கி, குனிந்து, பின்னால் ஏற வயதானவர்களால் முடியாது. வீட்டில் வேறு கார் இல்லையென்றால் நான்கு கதவு உள்ளதைப் பார்ப்பதே நல்லது.

அப்படிப் பார்த்தால் 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை மைவியின் 1.5 எஸ்இ, மேனுவல் கியருடன் கிடைத்தால், கணக்குக்கு மிகவும் ஒத்துவரும். ஏறக்குறைய 100 குதிரைத்திறன்தான். ஆனால், எடை குறைந்த கார். கால் வைத்தால் கிளம்பிவிடும். டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. உதிரிப் பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். 'மைவியைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா' என்று சிரிப்பவர்கள், நெடுஞ்சாலையில் வலது தடத்தில் யார் பின்னால் வந்து விளக்கடிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

வேகம்தான் முக்கியம் என்பவர்களுக்கு 2012இல் வந்த பிரேவே, 2013இல் வந்த சுப்ரிமா எஸ் ஆகியவற்றின் டர்போ வகைகள் உள்ளன. 138 குதிரைத்திறன். இரண்டும் ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் விபத்துச் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றவை. இவற்றில் இஞ்சின் எண்ணெய்க் குளிரூட்டிக்குப் போகும் ரப்பர் குழாய் பலவீனமான இடம். அது வெடித்து, கவனிக்காமல் ஓட்டினால் இஞ்சினே போய்விடும். குழாய் மாற்றப்பட்டதா, சிவிடி கியர்பெட்டிக்கு எண்ணெய் மாற்றப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய ஜெர்மானிய கார்களைப் பொறுத்தவரை, உலர் கிளட்ச் கொண்ட 7 கியர் டிஎஸ்ஜி பெட்டி பழுதானால் வரும் செலவு, காரின் விலையோடு போட்டி போடும். இந்தத் தொகையில் அவை வேண்டாம்.

சாலை வரியையும் பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 ரிங்கிட்தான். நியோ, மைவி 1.5, சுப்ரிமா மூன்றும் இதற்குள் அடங்கும். 1,834 சிசி கொண்ட ஜிடிஐக்கு 297 ரிங்கிட். 1,998 சிசி கொண்ட 2.0 லிட்டர் காருக்கு 379. டர்போவுக்குத் தனி வரி இல்லை என்பதால் சுப்ரிமா வைத்திருப்பவருக்கு இது லாபம்.

காப்புறுதிக் கணக்கு வேறு. உரிமை கோராமல் ஓட்டுபவருக்கு முதல் ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். ஆண்டுகள் போகப் போக அது 55 விழுக்காடு வரை ஏறும். இந்த என்சிடி ஆளுக்குரியது, காருக்குரியதல்ல. விற்பவர் "என் காருக்கு 55 இருக்கு தம்பி" என்று சொன்னால், அது அவரோடு போய்விடும். முதல் கார் வாங்குபவர் பூஜ்யத்தில்தான் தொடங்குவார். 21 வயதுக்குக் குறைந்தவரோ 'பி' உரிமம் வைத்திருப்பவரோ விபத்துக்குள்ளானால், கோரிக்கையில் முதல் 400 ரிங்கிட்டைச் சொந்தமாகக் கட்ட வேண்டும். காரில் செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் அறிவிக்காமல் விட்டால் இழப்பீடே சிக்கலாகலாம்.

இவை எல்லாம் கணக்குப் பிழைகள், பணத்தோடு போய்விடும். குடும்பத்தையே இழுத்துப் போடுவது 'சம்பூங் பாயார்'. ஒருவர் வங்கிக் கடனில் வாங்கிய காரை, பெயர் மாற்றாமலேயே கைப்பணம் சில ஆயிரம் வாங்கிக்கொண்டு, "மாதத் தவணையை நீ கட்டிக்கொள்" என்று இன்னொருவரிடம் கொடுப்பது. முன்பணம் இல்லை, வங்கி விசாரணை இல்லை. 25,000 ரிங்கிட்டில் கனவு காண முடியாத கார் 3,000 ரிங்கிட்டில் வாசலுக்கு வருகிறது. சமூக ஊடகங்களில் இத்தகைய விளம்பரங்கள் ஏராளம். ஆனால், கடன் முடியும்வரை அந்தக் கார் வங்கிக்குச் சொந்தம். வங்கிக்குத் தெரியாமல் அதைக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். பெயருக்குரியவர் தவணைப் பணத்தை வங்கியில் கட்டாமல் விட்டால், ஒருநாள் காரை இழுத்துக்கொண்டு போவார்கள். கையில் எந்தச் சான்றும் இல்லாதவர் யாரிடம் போய்க் கேட்பார்? தவணை நிற்கும்போது பெயர் கொடுத்தவரும் தப்ப முடியாது. ஏலத்தில் கார் விலை போன பிறகும் மீதிக் கடனை வங்கி அவரிடம்தான் கேட்கும். சம்மன்களும் அவர் பெயரில்தான் வரும்.

இதே வழியில் வருவதுதான் 'அப்பா பெயரில் கடன்'. பையனுக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்று ஓய்வுபெறும் வயதில் இருக்கும் தந்தை கையெழுத்துப் போடுகிறார். தவணை தவறினால் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் கறை படிவது அவருக்குத்தான். வீடு வாங்கும் திட்டம் ஏதேனும் அந்தக் குடும்பத்தில் இருந்தால், அது அங்கேயே நின்றுவிடும்.

காரை நேரில் பார்க்கப் போகும்போது, இஞ்சின் சூடேறாமல் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எண்ணெய் மூடியைத் திறந்தால் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் கூழ் தெரிந்தால், தண்ணீர் கலந்திருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பின்பெட்டியில் உதிரி டயரைத் தூக்கிவிட்டு அடித்தகட்டைப் பார்க்க வேண்டும். புதிய வெல்டிங் தழும்பு, சுருக்கம் விழுந்த தகடு, ஒரே இடத்தில் மட்டும் பளபளக்கும் சாயம் இவை பின்னால் இடிபட்டதையோ, இரண்டு கார்களை வெட்டி ஒட்டியதையோ காட்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொரு சோதனையும் தேவை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் கார்கள் கூரைவரை மூழ்கின. அப்படி மூழ்கியவை கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால், உள்ளே சேற்றுக் கறை இருந்தால் தெரிந்துவிடும். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, விரிப்புக்கு அடியில் ஈர வாடை இருந்தாலும் காரை விட்டுவிட்டு வரலாம்.

புஸ்பாகோமில் தேறிய கார்தான் என்று விற்பவர் ஒரு தாளை நீட்டலாம். அந்தச் சோதனை காரின் அடையாளத்தையும் வெளிப்படையான பாதுகாப்பையும் பார்ப்பது. டர்போ எத்தனை மாதம் தாங்கும், கியர்பெட்டி எப்போது கைவிடும் என்று அது சொல்லாது. நம்பிக்கையான போமன் ஒருவருக்கு 100, 200 ரிங்கிட் கொடுத்து அழைத்துப் போவது வீண் செலவல்ல. 20,000 ரிங்கிட் கையில் இருந்தால் 17,000க்குக் கார் பார்ப்பது நல்லது. மிச்சம் 3,000 முதல் ஆண்டிலேயே டயர், அப்சோபர், பெல்ட் என்று கரைந்துவிடும்.

கடையில் வாங்கிய காரில் மறைக்கப்பட்ட குறை தெரிய வந்தால், நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. விற்பனை ஒப்பந்தம், ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இந்த வழி வணிகரிடம் வாங்கியவர்களுக்கு மட்டுமே. தனியாரிடம் நேரடியாக வாங்கியவர்கள் நீதிமன்றத்திற்குத்தான் போக வேண்டியிருக்கும்.