கிணற்று நீரும் மாணவர் மன்றமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்லத்தக்கது பிறிதில்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்திற்கு இறைப்பதும் பெரும்பாலும் கிணற்று நீரே. ஆகவே, இந்நாட்டில் சூழலைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் கிணற்றிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல்லால் ஆயது. அக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் இறங்கித் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்ததாதலின், கல்லினூடே உட்புகுந்த கடல்நீரின் மேல் அது வில்லைபோல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நிற்பின், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கணிப்பு. மேலே ஓரடி குறையின் கீழிருந்து உவர் மிக எழும். நிலத்தின் மேல் வேலிகள் உள. நிலத்தின் கீழ் வேலி இல்லை. ஒருவன் தன் காணியில் ஊற்றுவது அயலான் கிணற்றிற் சென்று சேர்தல் கூடும்.

இவ்விடத்தேதான் சூழல் நீதி என்னும் கருத்துப் பிறக்கின்றது. சூழலைக் காத்தல் வேறு. சூழற்கேட்டின் சுமையை யார் சுமக்கின்றார் என வினாவுதல் வேறு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கறுப்பின மக்கள் மிக்க வாரன் என்னும் பகுதியில், நச்சு மண்ணைக் கொட்ட அரசு முனைந்தபோது 1982ஆம் ஆண்டில் மக்கள் வீதியை மறித்து நின்றனர். குப்பை எளியோர் வாயிலுக்கே வருவது தற்செயலன்று என்பதை அப்போராட்டம் உலகிற்கு உணர்த்திற்று.

யாழ்ப்பாணத்திற்கு இவ்வுண்மை புதியதன்று. தாழ்த்தப்பட்டோர் பிறர் கிணற்றில் தாமே நீர் அள்ளும் உரிமையின்றி, அள்ளி வார்ப்பவர் வரும்வரை காத்து நின்ற காலம் ஒன்றிருந்தது. நீர் நிறைந்திருந்தும் நீதி வறண்டிருந்தது. இவ்வேற்றத்தாழ்வை எதிர்த்து எழுந்த முதற் குரல்களுள் மாணவர் குரலும் ஒன்று. 1924ஆம் ஆண்டில் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அது பாடசாலைகளில் சமாசனமும் சமபோசனமும் வேண்டுமென வற்புறுத்தியது. 1927ஆம் ஆண்டில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு அழைத்ததும் அதுவே. அவ்வியக்கத்தின் முன்னோடியான ஹண்டி பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். சாதி காட்டிப் பிறரைத் தடுத்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. கிணற்றை அணுகும் உரிமைக்கு அது துணையாயிற்று. அணுகிய கிணற்றின் தூய்மை இன்னொரு வினாவாக எஞ்சி நின்றது.

அவ்வினாவைச் சுன்னாகம் எழுப்பிற்று. கொக்குவிலுக்கு வடக்கே, அதே காங்கேசன்துறை வீதியில் உள்ளது அவ்வூர். அங்கு இயங்கிய மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சூழவுள்ள கிணறுகளிற் கலந்ததென மக்கள் முறையிட்டனர். வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அம்மன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டி, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு நிறுவனத்திற்குக் கட்டளையிட்டது.

எண்ணெய்யைக் கண்ணும் மூக்கும் அறியும். நைத்திரேற்றை அவை அறியா. தோட்டத்திற்கு மிகையாக இடும் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் அது நிலத்தின் கீழ் இறங்குகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என உலக சுகாதார தாபனம் வரையறுத்துள்ளது. மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். பசளை இட்டவன் ஒருவன். துன்புறுவதோ பேசவும் அறியாத சிசு.

இதில் மாணவர் மன்றத்திற்கு என்ன பணி உண்டு? மரநடுகையும் சிரமதானமும் நற்பணிகளே; எனினும் அவை நீதியின் வினாவைத் தொடுவதில்லை. இலங்கைப் பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றமும் சுற்றாடல் முன்னோடிக் குழுக்களும் இயங்குகின்றன. முன்னையதற்கு வாக்குப் பெற்ற உறுப்பினரும், பின்னையதற்குச் சூழலறிவும் உண்டு; இரண்டும் கூடின் செயல் பிறக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்து மாணவர் 2006ஆம் ஆண்டில் வாக்களித்து, தமக்குத் தாமே ஒரு சிறு கட்டணம் விதித்து, வளாகத்தின் சூழற் பணிகளுக்கு நிதி அமைத்தனர். பிறரைக் கேட்குமுன் தாம் கொடுத்தமையே அச்செயலின் சிறப்பு.

நிதியின்றியும் ஆற்றத்தக்கன சில உள. கல்லூரிக் கிணற்று நீரை மாரி தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் சோதிப்பித்து, முடிவை யாவரும் காண அறிவித்தல் ஒன்று. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து படம் வரைதல் மற்றொன்று. வளாகத்தில் எரிக்கும் பிளாஸ்ரிக்கின் புகை எந்த வீட்டின் மேற் படிகின்றது, மலசலகூடத்தைக் கழுவும் பணி எப்பொழுதும் யார் தலையில் விழுகின்றது எனக் கணக்கெடுத்துச் சபையில் வைத்தல் பிறிதொன்று. இவ்வினாக்கள் எளியவை; ஆயின் விடைகள் எளியவாய் இரா. அவை அதிபரையும் ஆசிரியரையும் அயலாரையும் சில வேளை மாணவரையுமே குற்றவாளிகளாகக் காட்டலாம். அவ்விடையைக் கேட்கும் பொறுமையும், கேட்டபின் திருத்தும் துணிவும் உள்ள மன்றமே ஆட்சி என்னும் பெயருக்கு உரியது.

முற்காலத்து மாணவர் ஒரே வாங்கில் யாவரும் அமர வேண்டும் என்றனர். ஒரே நிலக்கீழ் நீரை யாவரும் அஞ்சாது பருக வேண்டும் என்பது அக்கோரிக்கையின் தொடர்ச்சியே.