கம்பி அறுந்த வேளையில் கைகொடுக்கும் வானொலி அன்பர்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றோரத் தோட்டங்களில் வாழும் மக்கள் படும் இன்னல் நாம் யாவரும் அறிந்ததே. இரவெல்லாம் கொட்டிய மழையால் ஆறு கரைபுரள்கிறது. தோட்டத்துச் செம்மண் பாதையும் அதன் கோடியிலுள்ள பாலமும் நீரில் மூழ்குகின்றன. மின்சாரம் நின்றுவிடுகிறது. கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தால், "லைன் இல்லை" என்னும் சொல்லே லயத்துக்கு லயம் கேட்கிறது. அவ்வேளையில் ஒரு வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி. மற்றொரு வீட்டில் இன்சுலின் தீர்ந்துபோன நீரிழிவு நோயாளி. பட்டணத்தில் படகும் உண்டு, மருத்துவரும் உண்டு, உதவி செய்யும் அதிகாரிகளும் உண்டு. ஆனால் இன்ன தோட்டத்தில் இன்ன தேவை என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

உதவி இல்லாமையால் நேரும் துன்பத்தைவிட, உதவி கேட்க வழியில்லாமையால் நேரும் துன்பம் சில வேளைகளில் பெரிதாகிவிடுகிறது. இக்குறையைப் போக்குவதற்கென்றே, ஊதியம் ஏதும் பெறாமல், தம் சொந்தப் பணத்தில் கருவி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் மக்கள் நம் நாட்டிலும் உலகின் பிற நாடுகளிலும் இருக்கின்றனர். அவர்களை அமெச்சூர் வானொலி அன்பர்கள் என்றும், சுருக்கமாக 'ஹேம்' என்றும் அழைப்பர். அவர்களுடைய பணியைப் பற்றி இக்கட்டுரையில் அறிந்துகொள்வோம்.

தொலைபேசி ஏன் ஓய்ந்துவிடுகிறது?

கைத்தொலைபேசி தானாகவே ஊர்விட்டு ஊர் பேசுவதில்லை. அருகிலுள்ள கோபுரத்தோடு மட்டுமே அது பேசுகிறது. அக்கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். அங்கிருந்து நகருக்குச் செல்லும் இணைப்பும் வேண்டும். மின்சாரம் நின்றால் கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரமே தாங்கும். சாலையோடு கம்பியும் அடித்துச் செல்லப்பட்டால் அதுவும் பயனற்றுப் போகும். கோபுரம் நிற்கும் இடங்களிலோ, எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் நெரிசல் ஏற்படுகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானைத் தாக்கிய பெருவெள்ளத்தின்போது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே நின்றுபோனதை நாம் மறக்கவில்லை. அப்பெருமழையால் நாட்டில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

அமெச்சூர் வானொலிக்கோ இடையில் கோபுரமும் வேண்டியதில்லை, கம்பியும் வேண்டியதில்லை. ஒரு லாரி பாட்டரி, ஒரு கருவி, மரத்தில் கட்டுவதற்குச் சில முழம் செம்புக் கம்பி ஆகிய மூன்றும் போதும். கையிலே தூக்கிச் செல்லும் சிறு கருவி ஏறக்குறைய 5 வாட் ஆற்றலுடையது. அதன் அலை நேர்கோட்டில் செல்வதால் குன்றும் காடும் அதைத் தடுக்கும். ஆகவே மலையுச்சிகளில் அஞ்சல் நிலையங்களை அமைத்து, அவற்றின் வழியாகப் பேச்சை மறுபுறம் சேர்ப்பிக்கின்றனர். அந்த அஞ்சல் நிலையமும் செயலிழந்தால் சிற்றலையே துணை. சிற்றலை வானை நோக்கிச் சென்று, பூமிக்கு மேலே மிக உயரத்திலுள்ள மின்னேற்றமடைந்த காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை நேரே மேலெழும்பிச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் மழைபோல் இறங்கும். மலை குறுக்கே நின்றாலும் அதற்குத் தடையில்லை. தித்திவங்சா மலைத்தொடரின் இருபுறமும் மக்கள் வாழும் நம் நாட்டுக்கு இது மிகவும் ஏற்ற முறையாகும்.

அந்தமானில் நடந்தது

இவ்வன்பர்களின் பணிக்குச் சான்றாக, நம் நாட்டையும் தாக்கிய ஒரு பேரிடரையே எடுத்துக்கொள்வோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் சுனாமியை எழுப்பிற்று. பினாங்கு, கெடா முதலிய மாநிலங்களின் கரைகளில் 68 உயிர்கள் பலியாயின. சுமத்ராவுக்கு வடக்கே உள்ள அந்தமான், நிக்கோபார் தீவுகளை அவ்வலைகள் இன்னும் கடுமையாகத் தாக்கின. இந்தியாவுக்குச் சொந்தமான அத்தீவுகளில் தமிழர்களும் வாழ்கின்றனர். தலைநகரான போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ளது. அது சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் கடலுக்கு அப்பால் இருக்கிறது.

அந்நாளில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் வானொலி அன்பர் குழு ஒன்று போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சார்ந்த அக்குழு பேரிடரை எதிர்பார்த்து அங்குச் செல்லவில்லை. பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலி ஒலிக்காதிருந்த அத்தீவுகளிலிருந்து உலகெங்குமுள்ள அன்பர்களோடு பேசி மகிழ்வதற்கே உரிய அனுமதி பெற்றுச் சென்றிருந்தது. நிலம் நடுங்கியது, தொலைபேசி ஓய்ந்தது, மின்சாரம் தடைப்பட்டது. உடனே அவர்கள் பொழுதுபோக்கு உரையாடல்களை நிறுத்திவிட்டுத் தம் நிலையத்தை அவசரச் செய்தி நிலையமாக மாற்றிக்கொண்டனர். தீவின் நிலையை இந்தியப் பெருநிலத்துக்குத் தெரிவித்தனர். "என் மகன் உயிரோடு இருக்கிறானா? என் தங்கை குடும்பம் என்னவாயிற்று?" என்று பெருநிலத்திலிருந்து வந்த கேள்விகளைக் குறித்துக்கொண்டு விடை தேடித் தந்தனர். பின்னர் மிகுந்த சேதமுற்ற கார் நிக்கோபார் தீவுக்கும் அன்பர்கள் கருவியோடு சென்று தொடர்பு ஏற்படுத்தினர்.

அதே வேளையில் இலங்கையிலும் அலை தாக்கிய அம்பாந்தோட்டைக்கும் தலைநகர் கொழும்புக்கும் இடையே அந்நாட்டு வானொலிச் சங்கத்து அன்பர்கள் பாட்டரியில் இயங்கும் சிற்றலைக் கருவிகளைக் கொண்டு செய்தித் தொடர்பு அமைத்துத் தந்தனர்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. போர்ட் பிளேரில் அக்கருவி இருந்தது தற்செயல். ஆனால் அதைக் கையாளத் தெரிந்திருந்தது தற்செயலன்று. இரைச்சலுக்கிடையே மெல்லிய குரலைப் பிரித்தறியவும், ஒருவர் பின் ஒருவராக நூற்றுக்கணக்கானோரிடம் சுருங்கப் பேசவும், பேசும்போதே பிழையின்றி எழுதிக்கொள்ளவும் அவர்கள் முன்னரே பழகியிருந்தனர். நல்ல நாளில் பழகிய கைதான் கெட்ட நாளில் நடுங்காமல் வேலை செய்கிறது.

நல்ல நாளில் நடக்கும் பயிற்சி

வைகறையில் மரம் சீவச் செல்பவர் இரவிலேயே கத்தியைத் தீட்டி வைப்பார். வானொலி அன்பர்களின் ஆயத்தமும் அத்தகையதே. பாட்டரிகளை அவ்வப்போது மின்னேற்றி வைக்கின்றனர். கருவி, கம்பி, கயிறு, விளக்கு, எழுதுபொருள், உணவு, மருந்து ஆகியவற்றை ஒரே பையில் கட்டி வைக்கின்றனர். ஓய்வு நாட்களில் திடலிலோ குன்றிலோ கூடி, மின்சாரம் இல்லாத இடத்தில் எவ்வளவு விரைவில் நிலையம் அமைக்கலாம் என்று செய்து பார்க்கின்றனர்.

இவற்றுள் தலையாயது வலைக்கூட்டம் என்னும் பயிற்சி. குறித்த நாளில் குறித்த நேரத்தில் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவர். ஒருவர் தலைவராக இருந்து ஒவ்வொருவரின் அழைப்புக் குறியையும் கூப்பிடுவார். அழைக்கப்பட்டவர் மட்டுமே விடையளிப்பார். நம் தோட்டங்களில் விடியற்காலையில் நடக்கும் பெரட்டைப் போன்றதே இது. பெரட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கூச்சலிட்டால் கிராணியாரால் பெயர் பதிய முடியுமா? வானொலியிலும் அவ்வாறே. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். தலைவர் சொல்லுக்கு அடங்கி மௌனமாகக் காத்திருப்பதே இப்பயிற்சியில் கற்கும் முதற்பாடம்.

இரண்டாவது பாடம், செய்திகளை வரிசைப்படுத்துவது. உயிருக்கு ஆபத்தான செய்தி முதலில் செல்லும். உணவு, மருந்து, படகு முதலிய தேவைகள் அடுத்துச் செல்லும். உறவினரின் நலம் விசாரிக்கும் செய்தி அதற்குப் பின்னரே. பொதுவான செய்திகள் இறுதியில் இடம்பெறும். தம் தாயின் நலமறியத் துடிக்கும் அன்பரும் தம் செய்தியைப் பின்னுக்கு வைத்து, முன்பின் அறியாத ஒருவருக்காக முதலில் பேச வேண்டியிருக்கும்.

மூன்றாவது பாடம், சொன்னதைத் திருப்பிச் சொல்லுவது. ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் இரைச்சலில் ஒன்றுபோலவே ஒலிக்கும். பதினைந்து பேருக்கு வேண்டிய உணவு ஐம்பது பேர் இருக்கும் இடத்துக்குப் போனால் என்னாகும்? எனவே எண்களை "ஒன்று, ஐந்து" எனத் தனித்தனியே சொல்வர். ஊர்ப்பெயர்களை எழுத்தெழுத்தாக, "ஆல்ஃபா, பிராவோ, சார்லி" என்னும் உலகப் பொதுச் சொற்களால் கூறுவர். கேட்டவர் அதைத் திருப்பிப் படித்துக் காட்டிய பின்னரே செய்தி சேர்ந்ததாகக் கொள்வர்.

அனைத்துலக ஏற்பாடும் இதற்குத் துணைநிற்கிறது. அவசர காலங்களில் அன்பர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொள்வதற்காக 14,300 கிலோஹெர்ட்ஸ் போன்ற சில அலைவரிசைகள் குறிக்கப்பட்டுள்ளன. 2003ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, பேரிடர்க் காலங்களில் உதவுவதற்கு அமெச்சூர் நிலையங்கள் ஆயத்தமாவதற்கு வழிசெய்யுமாறு எல்லா அரசாங்கங்களையும் ஊக்குவித்தது.

தோட்ட மக்கள் செய்யத்தக்கவை

வானொலி அன்பர் படகு ஓட்டுபவர் அல்லர், மருத்துவரும் அல்லர். காவல்துறை, தீயணைப்பு மீட்புப் படை, பொதுத் தற்காப்புப் படை ஆகியோரின் கண்ணும் காதுமாக இருந்து செய்தி சேர்ப்பதே அவர் பணி. தொலைபேசி இயங்கும் வரையில் 999 என்னும் எண்ணை அழைப்பதே நம் முதற்கடமை. அது ஓய்ந்த பின்னர் அன்பர் ஒருவர் நம்மிடையே வந்தால், அவரிடம் நாம் கொடுக்கும் செய்தி தெளிவாக இருக்கவேண்டும்.

"தண்ணீர் ஏறிவிட்டது, மாட்டிக்கொண்டோம், சீக்கிரம் வரச் சொல்லுங்கள்" என்று கூறினால் அதைக் கொண்டு மீட்புப் படையினர் என்ன செய்ய முடியும்? அதே செய்தியைப் பின்வருமாறு எழுதிக் கொடுத்துப் பாருங்கள்:

"இரண்டாம் டிவிஷன், நான்காம் ஐந்தாம் லயங்கள். பெரியவர் 31, சிறுவர் 12. எல்லாரும் பள்ளிக்கூட மேட்டில் இருக்கின்றனர். நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர். பாலம் மூழ்கிவிட்டது, படகு தேவை. காலை மணி 6.40."

இதில் அழுகை இல்லை; ஆனால் படகோட்டிக்கு வேண்டிய யாவும் உண்டு. எங்கே, எத்தனை பேர், என்ன தேவை, வழி எப்படி, எப்போது எழுதியது ஆகிய ஐந்தையும் நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகச் சொல்லிவைப்பது நன்று.

மழைக்காலத்துக்கு முன்னரே ஒவ்வொரு லயத்திலும் உள்ளோர் தொகையையும், முதியோர், கைக்குழந்தைகள், நாள்தோறும் மருந்து உண்போர் ஆகியோரின் விவரத்தையும் எழுதி, நீர் புகாத உறையிலிட்டு ஒருவர் பொறுப்பில் வைத்தல் வேண்டும். வெள்ளம் வந்த பின்னர் தலை எண்ணத் தொடங்கினால் யாரேனும் ஒருவர் விடுபட்டுப் போவார். பாட்டரியில் இயங்கும் சிறு வானொலிப்பெட்டி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். அரசாங்கத்தின் எச்சரிக்கைகளையும் துயர்துடைப்பு மையங்கள் பற்றிய அறிவிப்புகளையும் அதில் கேட்கலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

இக்கலை படித்த பெரியோர்க்கும் பணம் படைத்தோர்க்கும் மட்டுமே உரியது என்று நம் இளைஞர்கள் எண்ணவேண்டாம். மின்சாரத்தின் அடிப்படை, வானொலி அலையின் இயல்பு, பாதுகாப்பு முறை, சட்ட விதிகள் ஆகியவற்றைப் படித்து, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறினால் அழைப்புக் குறியும் உரிமமும் பெறலாம். நம் நாட்டு அழைப்புக் குறிகள் 9 எம், 9 டபிள்யூ என்று தொடங்கும். உரிமமின்றி ஒலிபரப்புவது சட்டப்படி குற்றமாகும். கடைகளிலும் இணையத்திலும் கருவி எளிதில் கிடைக்கிறது என்பதற்காக எவரும் அதை வாங்கி விளையாட்டாகப் பேச முற்படக் கூடாது. உரிமம் பெற்றவரும் இதனால் பொருள் ஈட்ட இயலாது. சேவைக்கும் கல்விக்கும் மட்டுமே இது உரியது.

இடைநிலைப்பள்ளியில் அறிவியல் பயிலும் பிள்ளை ஒருவர் இவ்வுரிமம் பெற்றால், மாதந்தோறும் சந்தா கட்டாமலே தொலைதேசத்தாரோடு பேசலாம். அது அவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி. பாலம் மூழ்கிய இரவில் அவர் வாழும் தோட்டத்தின் குரல் பட்டணத்துக்குக் கேட்கும். அது நம் அனைவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு. ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் இருப்பினும் போதும். ஒருவரும் இல்லாமற்போவதுதான் குறை.

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பர் நம் முன்னோர். மண்ணால் கட்டும் அணை மட்டுமே அணையன்று. எழுதி வைத்த பெயர்ப்பட்டியலும், மின்னேற்றி வைத்த பாட்டரியும், தெளிவாகச் செய்தி சொல்லப் பழகிய நாவும் அணைகளே. அடுத்த பருவமழைக்குள் அவற்றை நம் தோட்டங்களில் அமைத்துக்கொள்வோமாக.