செருப்பைக் கையில் தூக்கிய அப்பா!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரியானால் எங்கள் வீட்டில் ஒரு திருட்டு நடக்கும். திருடன்... சாட்சாத் நானேதான்!

வேலை சென்னையில், குடும்பம் தஞ்சாவூரில். உழவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக நழுவுவேன். இரண்டு வயசுப் பெண் பார்த்தால் அழுவாளே! சனிக்கிழமை காலையில் திரும்பினால் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால்... ம்ஹூம். ஒரே ஒரு பார்வை. அப்புறம் தலையாட்டி பொம்மை பக்கம் திரும்பிவிடுவாள். 'பரவாயில்லையே, ஏக்கமே இல்லை, சமத்து!' என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்திருந்த மனநல மருத்துவ நண்பர் இதைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"கிளம்பறப்ப அழுதாளாங்கிறது இருக்கட்டும் சார். திரும்பி வர்றப்ப என்ன பண்றாங்கிறதைத்தான் நாங்க பார்ப்போம்."

இப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் மேரி எயின்ஸ்வர்த் அம்மையார். 1950-களில் உகாண்டா கிராமங்களில் தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தவர், பிற்பாடு அமெரிக்காவில் பால்டிமோரில் ஒரு சோதனை வைத்தார். ஒரு வயசுக் குழந்தை, அம்மா, அறை நிறைய பொம்மை, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. அம்மா வெளியே போய்த் திரும்புவாள். மொத்தமே இருபது நிமிஷ சமாசாரம். பல குழந்தைகள், அம்மா வந்து தூக்கியதும் சமாதானமாகிவிட்டன. சில, தூக்கின அம்மாவையே உதைத்தன. சில, கண்டுகொள்ளவே இல்லை. 1977-ல் இந்தக் கடைசி ரகத்தின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். முகத்தில்தான் சமத்து. உள்ளே திக்... திக்!

எனக்கும் திக்கென்றது. "அதுக்காக வியாதின்னு அர்த்தமில்லை" என்று நண்பர் அவசரமாகச் சொன்னார்.

சரி, வளர்ந்த தடிமாடுகளின் வைத்தியத்துக்கு இது எதற்காம்? 1980-களில் மேரி மெய்ன் என்பவரும் சகாக்களும் பெரியவர்களுக்கென்று ஒரு பேட்டி முறை வகுத்தார்கள். அந்த வழியில் நண்பரும் கேட்பார்: "சின்ன வயசுல அடிபட்டா யார்கிட்ட ஓடுவீங்க?" 'யார்கிட்டயும் போகமாட்டேன் சார்' என்று மார்தட்டுகிறவர்களிடம் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவாராம். தான் லீவில் போவதானால், திரும்பும் தேதியை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாராம். அதுவும் வைத்தியத்தில் சேர்த்தியாம்!

என்னையும் கேட்டார். தம்பி பிறந்தபோது என்னைத் திருவையாற்றுப் பாட்டி வீட்டில் விட்டதும், மாதங்கள் கழித்து அம்மா வந்தபோது நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்ததும் ஞாபகம் வந்தது. "பாட்டிகிட்டதான் ஓடுவேன்" என்றேன்.

"அம்மாதான் வேணும்னு இல்லை. நிலையா ஒருத்தர் இருந்தா போதும்."

1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கையும், அம்மா ஸ்தானத்தில் நிலையாக ஒருவர் இருப்பதைத்தான் வலியுறுத்தியது. நம் டெல்டாவிலேயே நாகப்பட்டினம் இருக்கிறதே! 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகள் அரசின் அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்தார்கள். அப்போதைய கலெக்டர் ஜெ. ராதாகிருஷ்ணன் மனைவியோடு அங்கே போவார். மாற்றலாகிப் போன பிறகும் வருவதை விடவில்லை. அவரை 'அப்பா' என்றழைத்த பெண்களில் ஒருத்திக்கு 2022-ல் கல்யாணம், வந்து நின்றார். கலெக்டர் ஒருநாள் வந்து போட்டோ எடுத்துக்கொள்வது பெரிசில்லை. திரும்பத் திரும்ப வந்தாரே, அது!

அடுத்த ஞாயிறு, வாசலிலேயே செருப்பைப் போட்டேன். "அப்பா போய்ட்டு வரேண்டா கண்ணு, சனிக்கிழமை வந்துடுவேன்." அவள் போட்ட அலறலில், "பச்சைக் குழந்தையை அடிச்சீங்களா?" என்று எதிர்வீட்டு மாமி வெளியே வந்துவிட்டார். ஆட்டோவில் எனக்கும் கண் கலங்கியது. தூசி என்று டிரைவரிடம் சொன்னேன்.

சனிக்கிழமைதோறும் சொன்னபடி வந்தேன். நாலாவது வாரம், பொம்மையைப் போட்டுவிட்டு வந்தாள். மடியில் உட்காரவில்லை. என் செருப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள்.

எந்த மூலையில் ஒளித்துவைத்தாளோ, ஞாயிறு ராத்திரி தேடிக்கொண்டிருக்கிறேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்.