தோட்டத்துக்கு டாக்டர் எப்படி வருவார்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு டிரசரை மறக்க முடியாது. காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவதும், யாரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பதும் அவர்தான். டிரசர் எனப்பட்ட இந்தத் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்ட ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் வேலைக்குப் போக, பெரியவர்கள் பலர் லயத்திலோ பக்கத்துத் தாமானிலோ தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தான்.

அந்தக் கிளினிக்கில் குடும்ப மருத்துவ நிபுணர் ஒருவர் இருப்பது பெரிய வித்தியாசம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியது. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போது, எந்த மருந்தைக் கூட்டுவது, இன்சுலினை எப்போது தொடங்குவது என்று ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து பார்க்க ஒருவர் வேண்டும். பகாவ் பக்கத்திலிருந்து கோலப்பிலா தாண்டி, புக்கிட் புத்துஸ் மலை ஏறி இறங்கி சிரம்பானுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். பிறகு தெமு ஜன்ஜி தேதி தவறும், மாத்திரை தீரும், கடைசியில் கால் புண்ணோடுதான் வருவார்கள்.

இந்த நிபுணர்கள் உருவாக இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகத்தில் நான்காண்டு முதுநிலைப் படிப்பு. மற்றொன்று, கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே குடும்ப மருத்துவர் கழகத்தின் வழியாகப் பயிலும் இணைப் பாதை. 1971 மருத்துவச் சட்டத்தில் 2024-இல் செய்த திருத்தம் இணைப் பாதைப் பயிற்சிக்குச் சட்ட ஏற்பைத் தந்தது. இரண்டிலும் பயிற்சி பெறுபவர் வெறும் மாணவர் அல்லர். ஏற்கெனவே மருத்துவராக இருப்பவர், தினமும் நோயாளிகளைப் பார்ப்பவர். அவரை எந்தக் கிளினிக்கில் உட்கார வைக்கிறார்களோ, அங்கே அன்றே ஒரு கை கூடுகிறது.

ஆனால் சிக்கலும் அங்கேதான். பயிற்சி பெறுபவரை மேற்பார்வையிட ஒரு நிபுணர் வேண்டும். நிபுணர் இல்லாத கிளினிக்குக்குப் பயிற்சி பெறுபவரை அனுப்ப முடியாது. பயிற்சி பெறுபவர் வராத ஊரில் நாளைக்கு நிபுணரும் வேர்விடமாட்டார். ஏற்கெனவே ஆள் இருக்கும் நகரத்துக்கே மேலும் மேலும் ஆள் சேர்வது இதனால்தான். கணக்கை மாற்ற வேண்டுமானால் முதலில் ஆசிரியரை நகர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜெம்போல், ஜெலுபு போன்ற மாவட்டங்களுக்கு மேற்பார்வை நிபுணரை வீட்டு வசதியோடு அனுப்பி, அவரைச் சுற்றி இரண்டு மூன்று பயிற்சி இடங்களை நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். ஆறு மாதம் வந்து போகிறவரை நம்பி நோயாளி மனம் திறக்கமாட்டார். பயிற்சி பெறுபவர் ஒன்றிரண்டு ஆண்டாவது ஒரே கிளினிக்கில் இருக்க வேண்டும்.

கிராமத்தில் வளர்ந்தவர்களும் கிராமத்தில் பயின்றவர்களும் அங்கேயே தங்கிப் பணிசெய்ய வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளின் அனுபவம். உலகச் சுகாதார நிறுவனமும் 2021 வழிகாட்டியில் இவ்விரண்டையும் பரிந்துரைக்கிறது. தாய்லாந்து 1990-களின் நடுவிலேயே கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, மாகாண மருத்துவமனைகளில் பயிற்றுவித்து ஊருக்கே திருப்பி அனுப்பத் தொடங்கியது. இடங்களை ஒதுக்குவதற்கும் முன்மாதிரி உண்டு: தமிழ்நாட்டில் அரசுப் பணி மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

எந்த இடத்தில் பற்றாக்குறை என்று அளப்பதில் இன்னொரு கோளாறு. மாவட்ட மக்கள்தொகையை மருத்துவர் எண்ணிக்கையால் வகுத்தால், சாலையோரக் கம்பத்துக்கும் செம்பனைக்குள் இருக்கும் லயத்துக்கும் ஒரே விடைதான் வரும். தோட்டம் கம்பெனி நிலம். உள்ளே எத்தனை முதியவர்கள், எத்தனை பேருக்குச் சொந்த வண்டி இல்லை, பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அதைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது: கிளினிக் கெசிஹாத்தான்களில் பொதுமக்கள் இடம்பெறும் ஆலோசனைக் குழுக்கள் உண்டு. உங்கள் தோட்டத்திலிருந்து ஒருவராவது அதில் சேருங்கள். உங்கள் தோட்டத்தின் இந்த விவரங்களை எழுதி, அடுத்த கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.