ரிட்டையர்மெண்ட் பணத்தை பாண்டு பண்டில் போடலாமா? ரிட்டர்ன் மட்டும் பார்த்தா சிக்கல்தான்!

சென்னை: 2025-ம் ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்தில் இருந்து படிப்படியாக 5.25 சதவீதமாக இறக்கியது. அதோடு பேங்க் டெபாசிட் வட்டியும் சரிய ஆரம்பித்தது. பி.எப்., கிராஜுவிட்டி பணத்தை பேங்கில் போட்டு, வட்டியை வாங்கி குடும்பம் நடத்துபவர்களுக்கு இது சரியான அடி.

இந்த மாதிரி நேரத்தில்தான் ஏஜெண்டுகள் கதவை தட்டுவார்கள். "மீடியம் டியூரேஷன் பண்டுல போடுங்க சார். ஷேர் மார்க்கெட் ரிஸ்க் கிடையாது. டெபாசிட்டை விட ஒரு பர்சென்ட் கூட வரும்" என்பார்கள். கையில் 5 வருட ரிட்டர்ன் அச்சடித்த ஒரு பேப்பரும் இருக்கும். அதில் முதல் இடத்தில் இருக்கும் பண்டுக்கு செக் எழுதி கொடுப்பவர்கள் ஏராளம்.

அது என்ன பண்டு?

மக்களிடம் வாங்கும் பணத்தை அரசு கடன் பத்திரங்களிலும், கம்பெனிகளின் கடன் பத்திரங்களிலும் போடும் மியூச்சுவல் பண்டு இது. பத்திரங்களின் சராசரி காலம், அதாவது டியூரேஷன், 3 வருடத்தில் இருந்து 4 வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்று செபி 2017 அக்டோபரில் விதி போட்டது. நிலைமை மோசமாகும் என்று தெரிந்தால் மேனேஜர் அதை 1 வருடம் வரை குறைத்துக் கொள்ளலாம்.

காலத்துக்குத்தான் கட்டுப்பாடு. யாருக்கு கடன் கொடுக்க வேண்டும் என்பதற்கு அப்படி ஒரு வேலி கிடையாது. ஒரு பண்டு முழுக்க முழுக்க அரசு பத்திரமும் ஏஏஏ ரேட்டிங் கம்பெனியுமாக வைத்திருக்கும். இன்னொன்று பாதிக்கு மேல் ஏஏ, ஏ ரேட்டிங் கம்பெனிகளில் போட்டிருக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்!

இரண்டு விதமான ரிஸ்க்

முதலாவது வட்டி ரிஸ்க். 7 சதவீத வட்டி தரும் பழைய பத்திரம் கையில் இருக்கும்போது, மார்க்கெட்டில் 8 சதவீதத்துக்கு புது பத்திரம் வந்தால் பழையதை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? விலை இறங்கும். டியூரேஷன் மூன்றரை வருடம் என்றால், வட்டி 1 சதவீதம் ஏறும்போது பண்டின் மதிப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம் விழும். 10 லட்சம் போட்டவருக்கு 35 ஆயிரம் ரூபாய் குறையும். வட்டி இறங்கினால் அதே அளவு லாபம்.

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4 சதவீதத்தில் இருந்து 6.50 ஆக ஏறியபோது இந்த பண்டுகளின் லாபம் மெலிந்து போனது இதனால்தான். ஆனால் இந்த நஷ்டம் நிரந்தரம் அல்ல. பத்திரம் முதிர்ந்தால் முழு பணமும் வரும். அந்த பணம் புதிய, கூடுதல் வட்டியில் போடப்படும். 4 வருடம் பொறுத்திருப்பவருக்கு பெரும்பாலும் ஈடாகி விடும்.

இரண்டாவது ரிஸ்க்தான் வில்லன். கடன் வாங்கிய கம்பெனியே கை விரித்து விட்டால்? ஐ.எல். அண்ட் எப்.எஸ். நிறுவனம் 2018 ஜூலை வரை ஏஏஏ ரேட்டிங்கில் இருந்தது. செப்டம்பரில் கடனை கட்டவில்லை. 2019 ஜூனில் டி.எச்.எப்.எல். தவறியது. இதில் எத்தனை வருடம் பொறுத்திருந்தாலும் போன பணம் தானாக திரும்பாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. முதல் பண்டில் பத்திரங்களின் மொத்த வருமானம் 7.2 சதவீதம், செலவு விகிதம் 0.4 சதவீதம். கைக்கு வருவது 6.8. இரண்டாவது பண்டில் வருமானம் 8.4, ஆனால் செலவு 1.2. கைக்கு 7.2. பத்து லட்சத்துக்கு வருடத்துக்கு வெறும் 4 ஆயிரம் ரூபாய்தான் கூடுதல். இரண்டாவது பண்டு 5 சதவீத பணத்தை போட்ட ஒரு கம்பெனி திவாலாகி, அதில் முக்கால்வாசியை எழுதி தள்ளினால் நஷ்டம் 37 ஆயிரத்து 500 ரூபாய். ஒன்பது வருட கூடுதல் லாபம் ஒரே நாளில் காலி.

அந்த ரிட்டர்ன் பேப்பரில் இன்னொரு தந்திரமும் ஒளிந்திருக்கும். முன்பு நஷ்டம் என்று எழுதி தள்ளிய கடன் திடீரென வசூலானால் பண்டின் மதிப்பு ஒரே நாளில் எகிறும். கிரெடிட் ரிஸ்க் வகையை சேர்ந்த ஒரு பண்டு 2022-ல் இப்படித்தான் ஒரு வருடத்தில் 100 சதவீதத்துக்கு மேல் ரிட்டர்ன் காட்டியது. மீடியம் டியூரேஷன் பண்டுகள் சிலவும் இப்படி வசூலான பணத்தால் டாப் லிஸ்டுக்கு போனது உண்டு. மேனேஜரின் திறமை என்று நினைத்து புதிதாக போடுபவருக்கு அந்த லாபத்தில் பைசா கிடைக்காது. அதனால் மொத்த 5 வருட ரிட்டர்னை விட, வருடம் வருடமாக பிரித்து பார்ப்பதே சரி. ஒரு வருடம் மட்டும் தனியாக துள்ளியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

பணம் முடங்கிய கதை

2020 ஏப்ரல் 23-ந்தேதி. கொரோனா ஊரடங்கு நேரம். பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் 6 கடன் பண்டுகளை திடீரென மூடுவதாக அறிவித்தது. சுமார் 25 ஆயிரம் கோடி ரூபாய் முடங்கியது. அதில் ஒன்று மீடியம் டியூரேஷன் வகையை சேர்ந்தது. கோர்ட்டு வரை போய், 2021 பிப்ரவரியில்தான் முதல் தவணை கைக்கு வந்தது. பிறகு தவணை தவணையாக பணம் கொடுக்கப்பட்டது. ஆனால் 2020 ஆவணியில் மகள் கல்யாணம் வைத்திருந்தவருக்கு அடுத்த வருடம் வரும் பணத்தால் என்ன பிரயோஜனம்?

எதை பார்க்கணும்?

ஒவ்வொரு பண்டு கம்பெனியும் மாதாமாதம் பேக்ட் ஷீட் வெளியிடுகிறது. அதில் ரேட்டிங் வாரியாக பணம் எங்கே இருக்கிறது, டியூரேஷன் எவ்வளவு, செலவு விகிதம் எவ்வளவு என்று எல்லாமே இருக்கும். 2021 டிசம்பர் முதல் 9 கட்டம் போட்ட ஒரு சின்ன படமும் கட்டாயம். மீடியம் டியூரேஷன் பண்டுகள் காலத்தை பொறுத்தவரை மூன்றாம் வகுப்புதான். எனவே எழுத்தை பார்த்தால் போதும். ஏ என்றால் கடன் ரிஸ்க் குறைவு. பி நடுத்தரம். சி என்றால் அதிகம்.

வரி விஷயத்திலும் பழைய கணக்கு செல்லாது. 2023 ஏப்ரல் 1-ந்தேதிக்கு பிறகு வாங்கிய கடன் பண்டு லாபத்துக்கு இண்டெக்சேஷன் சலுகை இல்லை. டெபாசிட் வட்டி போலவே அவரவர் வருமான வரம்புப்படி வரி. விற்கும்போதுதான் வரி என்பது மட்டுமே ஒரு ஆறுதல்.

பேங்க் டெபாசிட்டுக்கு ஒரு பேங்கில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. பண்டுக்கு அது கிடையாது.