மொழி தெரியாத ஊரில் பேச கம்ப்யூட்டர் உதவுமா?

வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் என்று எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறோம். இறங்கிய இடத்தில் ஊர்க்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு மட்டும் யாரும் உட்காருவதில்லை. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதிலேயே செய்து பார்க்கக் கூடிய வேலைதான் இது. இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

நான் இருப்பது மயிலாடி. கன்னியாகுமரி மாவட்டத்தில் கல் சிற்பத்துக்குப் பெயர் போன ஊர். பக்கத்து வீட்டுச் சிற்பி அண்ணனுக்குத் தாய்லாந்தில் ஒரு கோயில் வேலை வந்தது. சிங்கப்பூர், மலேசியா என்றால் தமிழிலேயே சமாளித்து விடலாம். அங்கே கிரேன் ஓட்டுபவரும் கூட வேலை செய்கிறவர்களும் தாய் மொழி பேசுபவர்கள். "தம்பி, நான் அங்க போயி என்னத்த பேசுயது?" என்று கேட்டபடி என் வீட்டுக்கு வந்தார். கிளம்ப மூன்று வாரம்தான் இருந்தது.

எங்கள் ஊருக்கு இந்த மொழிப் பிரச்சினை புதிதல்ல. வில்லியம் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் பாதிரியார் 1804-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கேயே தங்கித் தமிழ் படித்தார். 1806-ல்தான் தெற்கே வந்தார். மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கத்தின் துணையோடு இங்கே வேலையைத் தொடங்கி, 1809-ல் ஆலயமும் கட்டினார். அவருக்கு மொழி படிக்க ஒரு வருடத்துக்கும் மேல் கிடைத்தது. அண்ணனுக்கு மூன்று வாரம். ஆனால் கம்ப்யூட்டர் இருக்கிறது.

முதலில் பிரவுசரைத் திறந்து கூகுள் டிரான்ஸ்லேட் என்று தேடி, அந்தப் பக்கத்துக்குச் செல்லுங்கள். இரண்டு கட்டங்கள் தெரியும். இடது கட்டத்துக்குத் தமிழையும் வலது கட்டத்துக்குத் தாய் மொழியையும் தேர்வு செய்யுங்கள். தமிழில் டைப் செய்யத் தெரியாதவர்கள் இடது கட்டத்தின் அடியில் உள்ள கீபோர்டு படத்தைக் கிளிக் செய்தால், ஆங்கில எழுத்துக்களைத் தட்டியே தமிழை வரவழைக்கலாம். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகளில் டைப் செய்து வைத்திருப்பதை இங்கே பேஸ்ட் செய்தால் குப்பைதான் வரும். யூனிகோடு தமிழ் மட்டுமே செல்லும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். அண்ணன் முதலில் கேட்ட சொல் "நிறுத்து". சிலையைத் தூக்கி வந்து பீடத்தில் நட்டுக்க வைப்பதற்கு நம் சிற்பிகள் சொல்வது அது. ஓடுகிற வேலையை நிறுத்தவும் அதே சொல்தான். போதாததற்கு, எடை போடுவதற்கும் "நிறுத்து" உண்டு! கம்ப்யூட்டருக்குச் சிலை தெரியாது, பீடம் தெரியாது. தனியாக "நிறுத்து" என்று கொடுத்தால் வேலையை நிறுத்தச் சொல்கிறோம் என்றே எடுத்துக் கொள்கிறது. பல டன் கல் செயினில் தொங்கும்போது இந்தக் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் தனிச் சொல்லைக் கொடுக்காமல் முழு வாக்கியமாகக் கொடுத்தோம். "சிலையை நேராக நிற்க வையுங்கள்" என்பது ஒன்று. "வேலையை உடனே நிறுத்துங்கள்" என்பது இன்னொன்று. சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்தால் தாய் வாக்கியம் இடப்பக்கம் வந்து, அதன் தமிழ் வலப்பக்கம் தெரியும். நாம் நினைத்த பொருள் திரும்பி வரவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டியதுதான். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவர்கள் வலது கட்டத்தில் ஆங்கிலத்தை வைத்தும் ஒருமுறை பார்த்துக் கொள்ளலாம்.

பேச்சுத் தமிழும் வேண்டாம். நாஞ்சில் நாட்டுப் பேச்சு கம்ப்யூட்டருக்குச் சுத்தமாகப் பிடிபடுவதில்லை. விடைபெறும்போது நாம் சொல்லும் "வருகிறேன்" கூட அதற்கு வருவதாகத்தான் அர்த்தம். "நான் இப்போது போகிறேன். நாளை காலை 8 மணிக்கு வருவேன்" என்று பிரித்து எழுதுங்கள். அளவுகளையும் மாற்றி விடுங்கள். தாய்லாந்தில் மீட்டர், சென்டிமீட்டர்தான் புழக்கம். 3 அடி என்பதை 91 செ.மீ. என்று கொடுப்பது நல்லது.

இன்னொரு விஷயம். தமிழில் "நான்" ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். தாய் மொழியில் ஆண் "போம்" என்பார், பெண் "சான்" என்பார். மரியாதைக்காக வாக்கியக் கடைசியில் ஆண்கள் "கிராப்" என்றும் பெண்கள் "கா" என்றும் சேர்ப்பார்கள். நீங்கள் ஆணா பெண்ணா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதே! ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து உச்சரிப்பைக் கேட்கும்போது இதையும் கவனியுங்கள்.

அப்படிக் கேட்டுக் கொண்டிருந்தபோதுதான் அண்ணன் முகம் மலர்ந்தது. ஆபத்து என்பதற்குத் தாய் மொழியில் "அந்தராய்". நம் பழைய "அந்தராயம்"தான்! ஆசிரியருக்கு "ஆச்சான்". வர்மம் கற்றுத் தரும் ஆசானை நாம் கூப்பிடுவது போலவே இருக்கிறது. இரண்டு பக்கமும் வடமொழியிலிருந்து போனவை. இப்படி வாயில் நிற்கும் ஏழெட்டுச் சொற்களை மனப்பாடம் செய்வது நல்லது. "யுட்" (நிறுத்து), "ச்சா ச்சா" (மெதுவாக) இரண்டையும் அண்ணன் நாள் முழுக்கச் சொல்லிக் கொண்டே உளி பிடித்தார். அவசரத்தில் மொபைலைத் தேட முடியாது அல்லவா?

மற்ற வாக்கியங்களை வேர்டு ஃபைலில் தமிழும் தாயும் பக்கம் பக்கமாக பேஸ்ட் செய்து, பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்தோம். விண்டோஸில் தாய் எழுத்து இருப்பதால் தனி ஃபான்ட் தேவையில்லை. அட்டைகளாக வெட்டி லேமினேட் செய்தது நாற்பது வந்தது. வேலை வாக்கியங்கள் பாதி, மீதி சாப்பாடு, மருந்து, "உங்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?" போன்றவை. கடைசி வகையை அண்ணன் கேட்டுச் சேர்த்தார்.

மொபைலிலும் இதே டிரான்ஸ்லேட் ஆப்பைப் போட்டுக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஒரே கூகுள் கணக்கில் நுழைந்து நட்சத்திரக் குறியைக் கிளிக் செய்து சேமித்த வாக்கியங்கள் மொபைலிலும் வரும். பெயர்ப்பலகை, மெனு கார்டு ஆகியவற்றைக் கேமராவில் காட்டினால் தமிழில் படிக்கலாம். நெட் கிடைக்காத இடத்துக்காகத் தமிழ், தாய் இரண்டு மொழிகளின் ஃபைல்களையும் கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்து, மொபைல் நெட்டை அணைத்து விட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.